மூன்றாவது வேட்பாளர்

"யாருக்கு ஓட்டுப் போடுறதுன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடறேன்."

மாரப்பன் ஆசிரமத்துக்குள் வந்ததும் வராததுமாகச் சொன்னார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்குப் பயப்படாத மனிதர். இன்று செருப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

மறுநாள் ஊராட்சித் தலைவர் தேர்தல்; மூன்று பேர் போட்டி. குளத்தங்கரையில் சாயப்பட்டறை வருவதும் வராததும் ஜெயிக்கிறவரைப் பொறுத்தது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஆசிரமத்தை நடத்தும் அருள்மொழி அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"சோறு இறங்கலீங்கம்மா. போன்ல ஒண்ணு வருது, டீக்கடையில வேற பேசறாங்க. நான் தப்பான ஆளுக்குக் குத்தி, பட்டறை வந்து, கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சுன்னா? என் பேத்தி அந்தத் தண்ணியத்தானுங்க குடிக்கிறா."

"தங்கமுத்துக்குப் போடுங்க."

மாரப்பனுக்கு மூச்சு வந்தது. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார். திரும்பி வந்தார்.

"அம்மா, தங்கமுத்துவோட மச்சினன்தான் குளத்தங்கரையில நிலம் வாங்கியிருக்கான். பட்டறை போடத்தான்."

"யார் சொன்னது?"

"நிலத்தை வித்தவரையே போய்ப் பார்த்துக் கேட்டேனுங்க."

"அப்படியா? சரி, சரோஜினிக்குப் போடுங்க."

"அந்தம்மா மேடையில பட்டறை வேண்டாம்னுதான் பேசறாங்க. கிராம சபையில அந்தப் பேச்சு வந்தப்போ எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. நான் அங்கேயேதான் உக்காந்திருந்தேன்."

"அப்போ ராயப்பன்."

மாரப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மையார் அடுத்த காம்பை எடுத்து உருவினார்.

"அவரு ஜெயிக்க மாட்டாருன்னு எல்லாரும் சொன்னாங்க," என்றார் மாரப்பன், தணிந்த குரலில். "அதனால..."

"அதனால?"

"அவரைப் பத்தி விசாரிக்கலீங்க."

"பட்டறையைப் பத்தி அவர் என்ன நினைக்கிறார்?"

"தெரியலீங்க."

"பேசிப் பார்த்ததே இல்லையா?"

"இல்லீங்க."

அம்மையார் கீரையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் வீடு ரொம்ப தூரமோ?"

"இல்லீங்கம்மா. இங்க வர்ற வழியிலதான்."

சொன்ன பிறகுதான் அது மாரப்பன் காதில் விழுந்தது.