உடைக்காமல் வைத்திருந்த பந்து

"பயமா இருக்கு மேடம். தூக்கமே வரல."

சேவியர் கையில் ஒரு சின்ன டப்பா.

அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பீங்கான் பந்து. இடுப்பு மூட்டுக்குள் வைக்கிற பந்து. முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய, கார்பன் நானோ குழாய் என்கிற கரிக்குழல்களைப் பீங்கான் மாவில் கலந்து, சுட்டு, அவன் செய்தது.

நாளைக்கு ஆஸ்பத்திரியில், இடுப்பு மூட்டு தேய்ந்துபோன பவுனம்மாளுக்கு அதை வைக்கப் போகிறார்கள். இதுவரை எந்த மனிதருக்கும் வைத்ததில்லை.

"என்ன பயம்?" என்றார் கமலவேணி. அவனுக்கு ஆராய்ச்சி வழிகாட்டி அவர்தான்.

"தோசை மாவுல கட்டி தட்டுற மாதிரி, உள்ளே குழல் எங்கயாவது கட்டி தட்டியிருந்தா? அங்கதான் விரிசல் விடும். அந்தம்மா நடக்கிறப்பவே சில்லு சில்லா நொறுங்கிடும். 'உன்னை நம்பித்தான் தம்பி படுக்கிறேன்'னு இன்னிக்கு என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க."

"அழுத்திப் பார்த்தியா?"

"இதுகூடச் செஞ்ச மத்த எல்லாத்தையும் அழுத்தி உடைச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணுலயும் கட்டி இல்ல."

"இதை?"

அவன் டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஊர்ப்பட்டதை உடைச்சவனுக்கு இது மட்டும் செல்லப் பிள்ளையா? உடம்புக்குள்ள போற ஒவ்வொண்ணையும் அழுத்திப் பார்க்கணும். முழுசா உடைக்கிற அளவுக்கு வேண்டாம். நல்லதா இருந்தா தாங்கும், ஒண்ணும் ஆகாது. கட்டி இருந்தா உடைஞ்சிடும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். இது உடைஞ்சா வேற இல்ல. அவங்களுக்கு வழக்கமான உலோகப் பந்தை வைச்சு முடிச்சிடுவாங்க. என் இத்தனை வருஷமும் அதோட போச்சு."

கமலவேணி கையுறை மாட்டிக்கொண்டார். டப்பாவைத் திறந்தார். பந்தை எடுத்து அழுத்தும் இயந்திரத்துக்குள் வைத்தார். கண்ணாடிக் கதவைச் சாத்தினார்.

"நீயே பொத்தானை அமுக்கு."

பொத்தான்மேல் அவன் விரல் நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். உதடு அசைந்தது.

"என்னப்பா முணுமுணுக்கிற?"

"உடையக் கூடாதுன்னு ஜெபம் பண்றேன்."

"யாருக்காக?"

"பவுனம்மாளுக்..."



கமலவேணி அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவங்களுக்காகன்னா, உடையறதா இருந்தா இங்கேயே உடையட்டும்னு கேளுப்பா."

சேவியர் கண்ணைத் திறந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கரி கலந்த பந்து சாம்பல் நிறத்தில் மின்னியது. ஒரு கீறல் இல்லை.

மறுபடியும் அவன் உதடு அசைந்தது.

பொத்தானை அமுக்கினான்.