மாவட்டத்திலேயே பச்சையான இடம்

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, எங்கே பயிர் செழித்திருக்கிறது என்று சொல்வதுதான் திரவியத்தின் தற்காலிக உத்தியோகம். பக்கத்தில் போய் நின்றால் அவனுக்கு நெல்லும் கோரையும் ஒன்றுதான். "அதனாலதான்யா ஆகாயத்துல இருந்து பார்க்குறேன்" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஒருநாள் அவன் போட்ட வரைபடத்தில் ஓரிடம் மட்டும் பச்சைப்பசேலென்று மின்னியது. வேளாண் அதிகாரி பக்தவச்சலம் அதைப் பார்த்ததுதான் தாமதம், "எல்லாம் நம்ம திட்டத்தோட வெற்றி!" என்று கலெக்டருக்கே போன் போட்டுவிட்டார். திரவியத்திடம் திரும்பி, "நாளைக்கு விழா. அந்த விவசாயியை மேடைக்குக் கூட்டிட்டு வா. இல்லேன்னா வேலைக்கே வராதே" என்றார்.

திரவியம் பைக்கில் போய்ப் பார்த்தான். வயலுமில்லை, வரப்புமில்லை. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை மண்டிய ஏரி! படத்தில் ஏரி, குளங்களைக் கணக்கிலிருந்து கழிக்க மறந்த மகா புத்திசாலி சாட்சாத் அவனேதான்.

மறுநாள் மேடையில் பக்தவச்சலம் கையில் மாலையோடு, "எங்கேய்யா விவசாயி?" என்று அதட்டினார்.

"மேடையிலதான் சார் இருக்கார்." திரவியம் மாலையை வாங்கி அவர் கழுத்திலேயே போட்டான். "அது ஏரி சார். அதைச் சுத்தம் பண்ணுற குழுவுக்கு நீங்கதான் தலைவர். ஒரு செடியைக்கூடப் பிடுங்க விடாம வளர்த்தது நீங்கதானே!"

கலெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுவாரமே ஏரி சுத்தமானது. திரவியத்தின் வேலையும் தப்பியது. ஆனால் சுத்தம் செய்ய ஏரிக்குள் முதல் ஆளாக அவனைத்தான் இறக்கிவிட்டிருந்தார் பக்தவச்சலம். இறங்கியவன் கோரை என்று நினைத்து முதலில் பிடுங்கிப் போட்டது, கரையோரம் யாரோ நட்டிருந்த நெல்லை.