நைட்ரஸும் சென்னியப்பன் நாக்கும்

சிங்காநல்லூரில் கார் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பனுக்குக் கை கெட்டிக்காரக் கைதான், அதைக் குறை சொல்ல முடியாது. வாய்தான் கையை முந்திக்கொண்டு ஓடும். ரேஸ் வண்டி ஒன்று அவர் பட்டறைக்குள் நுழைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் அன்றைக்குத் தாரணி தன் சிவப்புக் காரை வாசலில் நிறுத்திவிட்டுச் சாவியோடு இறங்கியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வண்டியை விடவே கூடாது என்று நினைத்தார்.

"ஞாயித்துக்கெழம ரேஸுங்ண்ணா. வேகத்துக்கு நைட்ரஸ் கேஸ் மாட்டியாச்சு. போன தடவ ட்யூன் பண்ணுனவரு பெட்ரோலக் கம்மியா வெச்சுட்டாரு. கேஸத் தொறந்ததும் பிஸ்டன் உருகிப்போச்சு. உங்ககிட்ட மீட்டர் இருக்குதுங்ளா?"

காற்று எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்று காட்டும் மீட்டரைத்தான் கேட்டாள். சென்னியப்பனிடம் அது இருந்தது. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாவி கைக்கு வந்திருக்கும்.

"மீட்டரா? எதுக்கு அம்மிணி? சைலன்சர்கிட்ட மூக்க வெச்சன்னா, பெட்ரோல் எத்தன சொட்டு கம்மின்னு சொல்லிப்போடுவேன்."

பக்கத்து வெல்டிங் பட்டறை ரஃபீக் டீ கிளாஸோடு வந்து நின்றார். ஆள் கூடினால் சென்னியப்பனுக்குக் கொண்டாட்டம்.

"ஒருக்கா சளி புடிச்சு மூக்கடைச்சுக்கிச்சு. உட்டனா? ஸ்பார்க் பிளக்கக் கழட்டி நாக்குல வெச்சேன். புளிச்சா காத்து சாஸ்தி, இனிச்சா பெட்ரோல் சாஸ்தி. அன்னைக்கு மைசூர்பாகாட்டம் இனிச்சுது. ஒரு பொட்டுக் கொறைச்சேன். வண்டி பறந்த பறப்புல, நெழலு பின்னால ஓடியாந்து மூச்சு வாங்குச்சு."

"நெழலுக்கு ஒரு டீ சொன்னீங்ளாண்ணா?" என்றார் ரஃபீக்.

தாரணி சிரிக்கவில்லை. சாவி அவள் விரலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சென்னியப்பனுக்குப் பதற்றம். பதற்றம் வந்தால் வாய் இன்னும் நீளும்.

"இன்னொருக்கா நைட்ரஸ் குழாயில பொடி ஓட்ட ஒண்ணு உழுந்துருச்சு. அது சிரிப்பு வாயுங்களே, ரோடு பூராப் பரவிருச்சு. மறிக்க வந்த போலீஸ்காரரு சிரிச்ச சிரிப்புல பெல்ட்டே அந்துபோச்சு. எதுத்தாப்புல ஒரு சாவு ஊர்வலம். அழுதுட்டு வந்த சனம் பூராச் சிரிக்குது. பொணமும்..."

"வேண்டாங்ண்ணா!" ரஃபீக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"லேசாத்தான் சிரிச்சுது."

"அதெல்லாம் கெடக்கட்டுங்ண்ணா. பிஸ்டன் உருகாம இருக்குமா, அதச் சொல்லுங்க," என்றாள் தாரணி.

மீட்டர் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் போதும். சென்னியப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உருகறதா! போன வருசம் ஒரு தம்பிக்குச் சனிக்கெழம ட்யூன் பண்ணிக் குடுத்தேன். நைட்ரஸ் பட்டன அமுக்குனான். போன வேகத்துல நாளே பின்னுக்குப் போயிருச்சு. வெள்ளிக்கெழமையே ஜெயிச்சு, கோப்பையோட இதே வாசல்ல வந்து நிக்கறான். நான் அப்ப ஸ்பேனரையே கையில எடுக்கல அம்மிணி!"

ரஃபீக்குக்கு டீ புரையேறிவிட்டது. தாரணி மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"அப்படீன்னா என் வண்டிய உங்ககிட்ட உட்டா, ஞாயித்துக்கெழம ஜெயிச்ச கோப்பையோட நேத்தே இங்க வந்து நின்னுருக்கோணுமுங்ளே?"

"நின்னுருக்கும்! அதுல சந்தேகமே வேண்டாம்."

"நேத்து வந்துச்சுங்ளா?"

சென்னியப்பன் ரஃபீக்கைப் பார்த்தார். ரஃபீக் இல்லை என்று தலையாட்டினார்.

"வரலீங்ளா? அப்ப நான் உங்ககிட்ட உடலைங்ண்ணா," என்று சொல்லிவிட்டுத் தாரணி வண்டியைக் கிளப்பினாள்.