இரண்டு கேபிள், ஒரே வேகம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் புது நெட்வொர்க் சுவிட்ச் வைத்த பிறகும் எல்லாம் ஆமையாய் நகர்ந்தன. அதை விற்ற நிரஞ்சன் கோட்டு சூட்டோடு வந்து, லேப்டாப்பிலிருந்து சுவிட்சுக்குத் தன் கேபிளை மாட்டி வேகச் சோதனையை ஓட்டினார். திரையில் வேகம் காட்டும் முள் உச்சிக்குப் போய் நின்றது.

"என் சுவிட்ச் பறக்குது. கோளாறு இந்தம்மா இழுத்த கேபிள்லதான். சாயங்காலத்துக்குள்ள மூணு மாடிக்கும் மாத்தட்டும், இல்லேன்னா ஆளை மாத்துங்க" என்றார் முதலாளியிடம்.

கேபிள் வேலை பார்க்கும் மயிலாத்தாளின் கண் சுவிட்சிலேயே இருந்தது. இத்தனை வேகமாய்த் தகவல் ஓடினால் அதிலிருக்கும் விளக்கு படபடவென்று மின்னுமே, இது ஏன் சும்மா இருக்கிறது?

"சார், என் கேபிள்ல ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்களா?"

"தாராளமா. முள் எப்படி விழுதுன்னு எல்லாரும் பாருங்க."

அவள் லேப்டாப்புக்குப் பின்பக்கம் குனிந்தாள். "உங்களதைக் கழட்டிட்டனுங்க. ஓட்டுங்க."

முள் மறுபடியும் உச்சிக்குப் போனது. நிரஞ்சனின் முகம் சுருங்கியது. "இதுலயும் அதே வேகமா?"

மயிலாத்தாள் நிமிர்ந்தாள். இரண்டு கேபிளும் அவள் கையில் தொங்கின. "நான் எதையுமே மாட்டலீங்க. தகவலை அனுப்பறதும் உங்க லேப்டாப்புதான், வாங்கறதும் அதேதானுங்க."

முதலாளி சுவிட்சைக் காட்டினார். "அது இல்லாமலே இந்த வேகம் வருதுங்களே. கழட்டி எடுத்துட்டுப் போங்க, சார்."