ராஜா கொட்டிய உம்

வேங்கைக்கோட்டை ராஜா வீரமல்லருக்குக் கதை என்றால் உயிர். மந்திரி படையைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடுவார். கதை சொல்ல ஆள் வந்தாலோ நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு உம் கொட்டுவார்.

போன மாதம் அவர் வேட்டைக்குப் போனார். கொம்பூதி விரட்டியதில் மிரண்ட யானை ஒன்று மலைக் குடியிருப்புக்குள் புகுந்து, சடையன் என்ற இளைஞனை மிதித்துக் கொன்றுவிட்டது. அவன் தாய் கெம்பி நியாயம் கேட்டு அரண்மனை வாசலுக்கு வந்தாள். ராஜாவுக்கு மனம் உறுத்தியது. உறுத்தினால் ராஜாக்களுக்குக் கோபம்தானே வரும்? அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அந்த வழக்கைப் பற்றி என்னிடம் எவனும் வாய் திறக்கக் கூடாது!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

சபையில் குறும்புக்குப் பேர்போன திருமேனி வாசலுக்கு வந்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"செத்தவன் கதையைச் சொல்லணும் சாமி. சாவுக்குக் காரணமானவரு கேட்டு உம் கொட்டணும். அதுவரைக்கும் எங்க மலையில யாரும் தினை விதைக்க மாட்டோம். மழை வேற நெருங்கிடுச்சு."

இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திருமேனி உள்ளே ஓடினார். "மகாராஜா, மலையிலிருந்து ஒரு அம்மா கதை சொல்ல வந்திருக்கிறார்."

"வரச் சொல், வரச் சொல்!"

கெம்பி தரையில் உட்கார்ந்தாள். "ஒரு பையன் இருந்தான். தேனெடுக்கப் போனா பாதி அடையை விட்டுட்டு வருவான்."

"உம்."

"ஆத்தா திட்டுனா, தேனீக்கும் புள்ளகுட்டி இருக்கும்மான்னுவான்."

"உம், உம்! அப்புறம்?"

"ஒருநாள் கொம்புச் சத்தம் கேட்டுச்சு. யானை மிரண்டு ஓடியாந்துச்சு."

ராஜா வாயை மூடிக்கொண்டார். கெம்பியும் நிறுத்திவிட்டாள். உம் இல்லாமல் மலைக்காரர்கள் கதை நகராது. ராஜா திருமேனியைப் பார்த்தார். அவரோ கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, கெம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"உம்," என்றார் மெதுவாக. "சொல்லம்மா. அது என் வேட்டைதான்."

அவள் அழுதுகொண்டே கதையை முடித்தாள். ஒரு மாதமாக வராத அழுகை அது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கெளம்புங்க சாமி."

"எங்கே?"

"மலைக்கு. உம் கொட்டினவருதான் முதல் விதை போடணும். ரெண்டு நாள் ஏத்தம். செருப்பு ஆகாது."

ராஜா தன் பூப்போன்ற பாதங்களைப் பார்த்தார். பிறகு திருமேனி பக்கம் திரும்பினார். "அடப்பாவி! இது உனக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும் மகாராஜா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்வது? வாய் திறக்கக் கூடாதென்று உத்தரவு போட்டது நீங்களாச்சே!"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உன்னுடையதையும் கழற்று. நீயும் வருகிறாய்."