மண்டபச் சாவியும் சர்வர் அப்டேட்டும்

வடுகப்பேட்டை சமுதாயக் கூடத்து நிர்வாகக் குழுவை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் கொடுத்த ஊர் அது. அந்த வாரம் நானும் அங்கே இருந்தேன்; நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குழுவில் மூன்று பேர். தலைவர் கோதண்டபாணி, செயலாளர் தணிகாசலம், கம்ப்யூட்டர் பொறுப்பாளர் சப்தரிஷி. எதைச் செய்தாலும் மூவரும் கூடித் தீர்மானம் போட்டுத்தான் செய்வார்கள். மின்விசிறியை மூன்றாம் எண்ணில் ஓடவிடுவதற்குக்கூட அங்கே தீர்மானம் இருக்கிறது.

மண்டபத்தை யார், என்றைக்கு எடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில். அதில் பெயர் தெரிந்தால்தான் சாவி கொடுக்கலாம் என்பது விதி. விவரங்களை வைத்திருக்கும் சர்வரோ வெளியூரில் ஒரு கம்பெனியிடம். செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பெனி சர்வரை அப்டேட் செய்துவிட்டு, "பழைய மென்பொருள் இனி வேலை செய்யாது, அதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவிக்கொள்ளவும்" என்று தகவல் அனுப்பியது. சப்தரிஷி பழையதை உடனே நீக்கிவிட்டார். நீக்குகிற வேலையில் அவருக்குத் தடுமாற்றமே வராது.

புதன்கிழமை காலை அமிர்தலிங்கம் வந்தார். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவர் மகளுக்குக் கல்யாணம். மேடை அலங்காரம் செய்யச் சாவி வேண்டும்.

"உங்க பேரு இருக்கான்னு பாத்துட்டுத் தர்றோம்," என்றார் கோதண்டபாணி.

"ஐயா, பத்திரிகையில உங்க பேரைப் போட்டிருக்கேன். கல்யாணத்துக்கு நீங்கதான் தலைமை!"

"அது பத்திரிகை சொல்றது. கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்ல?"

மண்டபத்தை ஒட்டிய அலுவலக அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். திரையில் முதல் வரி, "நிபந்தனைகளை முழுமையாகப் படித்த பின் சம்மதம் தெரிவிக்கவும்" என்றது. அறுபத்திரண்டு பக்கம். தணிகாசலம் எழுந்து நின்று உரக்கப் படித்தார். நாலாவது பக்கத்தில், நேரம் கடந்துவிட்டது, முதலிலிருந்து தொடங்கவும் என்று வந்தது. முதலிலிருந்து தொடங்கினார்கள். இப்படி ஐந்து முறை ஆன பிறகுதான், ஒருவர் மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தால் திரை சும்மா இருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் வாக்கெடுப்பு.

"பதினாலாம் பக்கத்துல 'எந்த இழப்புக்கும் கம்பெனி பொறுப்பாகாது'ன்னு இருக்கு. எனக்குச் சம்மதம் இல்ல," என்றார் தணிகாசலம்.

கோதண்டபாணி யோசித்தார். "ரெண்டு பேருக்குச் சம்மதம், ஒருத்தருக்கு இல்ல. சப்தரிஷி, 'சம்மதம்'கிறதை ரெண்டு தடவை அமுக்குங்க. 'சம்மதமில்லை'ங்கிறதை ஒரு தடவை அமுக்குங்க. சிறுபான்மைக்கும் மரியாதை கொடுக்கணும்."

அமுக்கினார். மென்பொருள் நன்றி சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. சுவரோரம் நின்ற அமிர்தலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் தணிகாசலத்தின் காலைப் பிடித்துக் கெஞ்சி, தீர்மானத்தை ஏகமனதாக்கினார். இந்தத் தடவை மென்பொருள் கடைசிவரை போயிற்று. போன இடத்தில், "சர்வருடன் இணைய முடியவில்லை. உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும். அதுவரை கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்" என்று நின்றது.

நிர்வாகி என்றால் சப்தரிஷிதான். பக்கத்து நாற்காலியில் இருந்தார். தணிகாசலம் முறைப்படி கடிதம் எழுதி நீட்டினார். சப்தரிஷி பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார். நிர்வாகியைத் தொடர்புகொள்ளச் சொன்னது. அவரும் ஒரு கடிதம் எழுதித் தன் மேஜையிலேயே வைத்தார்.

"பதில் வந்துச்சா?" என்று ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டார் கோதண்டபாணி.

"இன்னும் இல்லீங்க. அவருக்கு இந்த அப்டேட் வேலையே தலைக்கு மேல இருக்கு."

பொறுக்க முடியாமல் அமிர்தலிங்கமே கம்பெனிக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். பேசிய பெண் பொறுமைசாலி. "சார், அப்டேட்டுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அந்த நிலைக்கு எல்லாத்தையும் கொண்டுபோயிட்டு, மறுபடி முயற்சி பண்ணிப் பாருங்க," என்றாள்.

கோதண்டபாணிக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. காலண்டரில் கிழித்த தாள்களைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, திங்கட்கிழமையைக் கொண்டுவந்தார். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை அழுக்குத் துணியிலிருந்து எடுத்துவரச் சொல்லி மாட்டிக்கொண்டார்.

"ஐயா, விடிஞ்சா கல்யாணம்யா!" என்றார் அமிர்தலிங்கம்.

"எதுக்குப் பதறுறீங்க? இன்னிக்குத் திங்கள். இன்னும் நாலு நாள் இருக்கு. விட்டுப்போனவங்களுக்குப் பத்திரிகை வைங்க, போங்க."

அந்த மனுஷன் முகத்தை நான் பார்த்தேன். எனக்கே அழுகை வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பந்தல்காரரைக் கூப்பிட்டு, மண்டப வாசலிலேயே தெருவை அடைத்துச் சாமியானா போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரண்ட் போய்ப் பத்து நிமிஷத்தில் வந்தது. அணைந்து எழுந்த கம்ப்யூட்டர் தானாகவே சர்வரோடு சேர்ந்துகொண்டது. அணைக்கக் கூடாது என்று அதற்குக் காவல் படுத்திருந்த மூவரும் எழுந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் வந்தது: "அமிர்தலிங்கம் இல்லத் திருமணம். இடம்: சமுதாயக் கூடம். நடைபெற்றுக்கொண்டிருக்கிறது."

"ஐயையோ, ஆரம்பிச்சுட்டாங்க!" என்று கத்தினார் சப்தரிஷி.

மூவரும் சாவியோடு ஓடினார்கள். "வழி விடுங்க, கல்யாணத்துக்கு நேரமாச்சு," என்று சாமியானாக் கூட்டத்தை விலக்கி, யாரோ நீட்டிய தட்டிலிருந்து அட்சதையை அள்ளிக்கொண்டு, மண்டபத்தைத் திறந்து முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். வெளியே கெட்டிமேளம் முழங்கியது. மூவரும் எழுந்து, காலி மேடையைப் பார்த்து அட்சதை தூவினார்கள். கோதண்டபாணி கண்கலங்கினார்.

அமிர்தலிங்கம் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "ஐயா, வெளியில தாலி கட்டியாச்சு. வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க!"

கோதண்டபாணி திரும்பி, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க! பொண்ணைப் பெத்தவரு மேடையில நிக்காம வாசல்ல என்ன பண்றீங்க? சீக்கிரம் ஏறுங்க, மாப்பிள்ளை உங்களைத்தான் தேடிட்டிருக்காரு."