ஆறு மாதப் பெரியவர்

துணிக்கடையில் புடவைக்கு இலவசமாகக் கொடுத்த ஒரு ஜிப் பைக்குள், முன்னொரு சமயம், மஸ்காரா ஒருவர் பெரியவராக இருந்து ஆட்சி செய்துகொண்டிருந்தார்.

பை தூத்துக்குடி இமெல்டாவுடையது. இமெல்டா உள்ளூர் கேபிள் சேனலில் சாயங்காலச் செய்தி வாசிப்பவள். சேனலில் மேக்கப் போட ஆள் கிடையாது. கண்ணாடிகூடக் கழிப்பறையில்தான் இருந்தது. பையைத் திறந்து, அங்கேயே நின்று, பத்து நிமிடத்தில் தன் முகத்தைத் தானே தயார் செய்துகொண்டு வந்து உட்காருவாள்.

ஒருநாள் அந்தப் பைக்குள் புதிதாக ஒரு காஜல் பென்சில் வந்து சேர்ந்தாள். உள்ளே போனதும் வணக்கம் சொல்லச் சொன்னார்கள். நடுவில் தங்க நிற மூடியோடு சாய்ந்திருந்த மஸ்காராவுக்கு அவளும் சொன்னாள்.

மஸ்காரா தன் முதுகைத் திருப்பிக் காட்டினார். அங்கே மூடி திறந்த சின்ன டப்பா ஒன்றின் படமும், அதற்குள் ஆறு என்ற எண்ணும், பக்கத்தில் எம் என்ற எழுத்தும் இருந்தன. அது தமக்குக் கிடைத்த ஆறு மெடல் என்றும், அந்த மரியாதைக்குத்தான் தம்மை நடுவில் வைத்திருக்கிறார்கள் என்றும் விளக்கினார். பவுடர் காம்பாக்ட் பூப்போல ஆமோதித்துக் கொஞ்சம் உதிர்ந்தது.

காஜலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கடையில் ஒரு மாதம் சும்மா தொங்கியபோது, தன் அட்டையின் பின்பக்கம் இருந்ததை நூறு தடவை படித்திருந்தாள்.

"அது மெடல் இல்லைங்க. திறந்த நாள்ல இருந்து ஆறு மாசம். அதுக்கு மேல தூக்கிப் போடணும்னு அர்த்தம்" என்றாள்.

பவுடர் காம்பாக்ட் சட்டென்று மூடிக்கொண்டது. மஸ்காரா மட்டும் பெருந்தன்மையாகச் சிரித்தார். ஆறு மாதம் என்பது பலவீனமானவர்களுக்குச் சொன்னது என்றார். தம்முள்ளே நாளுக்கு நாள் தொண்டர்கள் பெருகிக்கொண்டிருப்பதாகவும், ஆரம்பத்தில் பத்துப் பதினைந்து பேராக இருந்தவர்கள் இப்போது எண்ண முடியாத அளவுக்கு வந்துவிட்டதாகவும் சொன்னார். அந்த ஈரத்திலும் இருட்டிலும் என்னென்ன கிருமிகள் பெருகும் என்று அட்டையில் எழுதியிருந்தது காஜலுக்கு நினைவு வந்தது. சொல்ல வாயைத் திறந்தாள்.

ஃபவுண்டேஷன் அண்ணாச்சி அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். தன் அடிப்பாகத்தைக் காட்டினார். பன்னிரண்டு என்று இருந்தது. அவரைத் திறந்து மூன்று வருஷம். லிப்ஸ்டிக் அக்காவும் காட்டினாள். பதினெட்டு. அவளைத் திறந்தது எப்போது என்று அவளுக்கே மறந்துவிட்டது.

"இன்னைக்கு அவரைப் போன்னு சொன்னா, நாளைக்கு எங்களைத் திருப்பிப் பாப்பாங்க" என்றார் அண்ணாச்சி. "உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு."

பையின் பக்கவாட்டில் தனி ஜிப் வைத்த ஓர் உள்பை இருந்தது. கறை இல்லாதது. யாருடைய பிசுபிசுப்பும் ஒட்டாதது. அதை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். காஜல் ஏறிப் படுத்துக்கொண்டாள். வசதியாகத்தான் இருந்தது.

நாட்கள் போயின. இரண்டு நாளைக்கு ஒரு தடவை இமெல்டா காஜலைச் சீவுவாள். சுருள் சுருளாக மேல்தோல் விழும். ஒவ்வொரு தடவையும் அவள் கொஞ்சம் குட்டையாவாள். மஸ்காராவுக்கு அது நல்ல வேடிக்கை.

"தேய்ந்துகொண்டே போகிறாய் பெண்ணே" என்பார். "என்னைப் பார். வாங்கிய அன்று எவ்வளவு உயரமோ, இன்றும் அவ்வளவு உயரம்."

உயரம் குறையவில்லை, உண்மைதான். உள்ளே காய்ந்து கட்டி தட்டியிருந்தது. இமெல்டா பிரஷை உள்ளே விட்டுப் பம்பு அடிப்பதுபோல இழுத்து இழுத்துக் குத்துவாள். அப்படியும் வராவிட்டால் குழாயைத் திறந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவாள். கழிப்பறைக் குழாய். தாம் இல்லாமல் அவளுக்கு ஒருநாளும் முடியாது என்பதற்கு அதுவே சாட்சி என்று மஸ்காரா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் இமெல்டாவுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய சேனல். வெள்ளிக்கிழமை வந்து கேமரா முன்னால் ஐந்து நிமிடம் வாசித்துக் காட்ட வேண்டும். ஆறு வருஷமாக அவள் காத்திருந்த அழைப்பு. பேருந்தில் ஜன்னலோரச் சீட்டாகப் பார்த்து டிக்கெட் எடுத்தாள். இந்த முகத்தைச் சென்னையும் பார்க்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை இமையின் ஓரத்தில் கோடு இழுக்கும்போது, காஜலின் நுனி சுட்டது. இமை அடுப்பில் வைத்ததுபோல் இருந்தது. பைக்குத் திரும்பியதும் லிப்ஸ்டிக்கிடம் சொன்னாள்.

"அக்கா, கண்ணு கொதிக்குது. இவராலதான். எப்படியாவது நிறுத்தணும்."

"ஏட்டி, உனக்கு அங்க என்ன குறை? தனி ரூம் இருக்கு. சும்மா கிட."

காஜல் கிடந்தாள். செவ்வாய்க்கிழமை கண் சிவந்திருந்தது. இமெல்டா அதை மறைக்க மஸ்காராவைக் கூடுதலாக ஒரு பூச்சு பூசினாள். புதன்கிழமை காலையில் வலது கண் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. திறக்க முடியவில்லை.

கண் டாக்டர் செண்பகவல்லி வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துத் திறந்து பார்த்தார். கண்ணுக்கு என்னென்ன போடுவாள் என்று கேட்டார். பையிலேயே இருக்கிறது என்று இமெல்டா சொன்னதும், மேஜைமேல் கொட்டச் சொன்னார்.

எல்லோரும் வெளிச்சத்தில் வந்து விழுந்தார்கள். மஸ்காரா மட்டும் எண் தெரியாமல், தங்க எழுத்து மேலே தெரியும்படி நன்றாகப் படுத்துக்கொண்டார். புதிது போலவே இருந்தார். டாக்டரின் கை அவரைத் தாண்டி அண்ணாச்சியின் பக்கம் போயிற்று.

காஜல் இமெல்டாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜையின் சரிவில் உருண்டாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். போய் மஸ்காராவின் விலாவில் இடித்தாள். அவர் ஒரு புரள் புரண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் எடுத்தார். படித்தார். மூடியைத் திருகி மோந்து பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய் கேனைத் திறந்தவரைப்போல முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"இது எப்ப வாங்கினது?"

"தங்கச்சி கல்யாணத்துக்கு, டாக்டர்."

"தங்கச்சிக்குப் பிள்ளை இருக்கா?"

இமெல்டா கொஞ்சம் தயங்கினாள். "எல்.கே.ஜி. படிக்குது."

டாக்டர் காலால் மிதித்துக் குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்து, மஸ்காராவை உள்ளே போட்டார். தம் தொண்டர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள் என்று அவர் போகிற வழியில் எச்சரித்தார். அவர்கள் ஏற்கெனவே இமெல்டாவின் கண்ணில் குடியேறி, சொட்டு மருந்துக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

காஜல் மூச்சு விட்டாள். அப்போது டாக்டரின் கை அவளை எடுத்தது.

"டாக்டர், அது போன மாசம்தான் வாங்கினேன். புதுசு."

"ரெண்டும் ஒரே கண்ணுக்குத்தானே போச்சு?"

மூடி மறுபடியும் திறந்தது.

மற்றவற்றையும் திருப்பிப் பார்த்துக் கழித்துவிடும்படி டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு மருந்துச் சீட்டு எழுதக் குனிந்தார். இமெல்டா ஃபவுண்டேஷனின் அடியைப் பார்த்தாள். கொடுத்த விலை நினைவுக்கு வந்தது. சத்தமில்லாமல் அவரைப் பைக்குள் போட்டாள். லிப்ஸ்டிக்கைப் பார்க்கவே இல்லை.

இரண்டு வாரம் கண்ணுக்கு எதுவும் போடக் கூடாது, ஸ்டுடியோ விளக்கு வெளிச்சத்தில் உட்காரவும் கூடாது என்று சீட்டில் இருந்தது. இமெல்டா அங்கேயே நின்று சென்னைக்குப் போன் செய்து, வேறு தேதி கிடைக்குமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எட்டுப் பேர் வருகிறார்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். சரி சார் என்றாள். போனை வைத்த பிறகும் இன்னொரு தடவை சரி சார் என்றாள். திறந்திருந்த ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

அந்தச் சரி சார் தொட்டிக்குள்ளும் கேட்டது.

"என்னைக் காட்டிக் கொடுத்தாயே, என்ன கண்டாய்?" என்றார் மஸ்காரா. "கடைசியில் நீயும் என் பக்கத்தில்தான் கிடக்கிறாய்."

"காட்டிக் கொடுத்ததுக்காக நான் இங்க வரல" என்றாள் காஜல். "ஒரு மாசமா அந்த உள்பையில பேசாம படுத்துக் கிடந்தேனே, அதுக்காக வந்திருக்கேன்."

மஸ்காராவுக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. தொட்டியில் ஏற்கெனவே கிடந்த பஞ்சுகள், வந்திருப்பவர் யாரோ பெரிய மனிதர்போல என்று ஒன்றோடொன்று கிசுகிசுத்துக்கொண்டு, அவருக்கு நடுவில் இடம் விட்டு ஒதுங்கி நின்றன.